டிராயிங் மாஸ்டர் போட்ட டான்ஸ் பாட்டு

பள்ளிக்கூட மாடியில் கட்டியிருந்த அந்தக் குழாய் ஸ்பீக்கரை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எதிர்ச் சரிவைப் பார்த்துத்தான் அதைக் கட்டியிருந்தார்கள்.

அப்போது நான் கொல்லிமலையில், திருப்புலி நாட்டுப் பக்கம் கிராம நர்ஸ். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த டிராயிங் மாஸ்டர் எங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்தார். சுவரில் அவர் வரைந்த மிளகுக்கொடியைத் தொட்டுப் பார்க்காத ஆளில்லை. அந்த மனுஷனுக்குத் திடீரென்று டான்ஸ் பாட்டு போடும் ஆசை வந்துவிட்டது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடுவதற்காக லேப்டாப்பில் தானே தாளம் கட்டினார். தினை புடைக்கும் சத்தம், உலக்கைச் சத்தம் என்று மலையெல்லாம் அலைந்து செல்போனில் பிடித்து வந்தார். கூடவே ஒரு கூவலையும் பிடித்து வந்திருந்தார். நீளமாக இழுத்து, கடைசியில் இரண்டு முறை வெட்டிக் கூவுவது.

விழாவுக்கு முந்தின நாள் எனக்குப் போட்டுக் காட்டினார். கூவல் வந்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கம் சிக்னல் கிடையாது. யாருக்காவது உயிர் போகிற நிலைமை என்றால் மேட்டில் நின்று அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேட்டவர்கள் மூங்கிலும் கம்பளியுமாக ஓடி வந்து, தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கிப் போவார்கள். மாஸ்டர் அதை ஏதோ ஆடு மேய்க்கிறவர் பாட்டு என்று நினைத்திருக்கிறார். நான் சொல்லியிருக்க வேண்டும். "எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டவரிடம் மனசு வரவில்லை. ஹாலுக்குள்தானே போடப்போகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஒத்திகை. ஸ்பீக்கரை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதற்குள் எட்டு முறை கூவி முடித்திருந்தது. எதிர்ச் சரிவில் ஆட்கள் மரவள்ளிக் காட்டை விட்டு இறங்குவது தெரிந்தது. கத்திப் பார்த்தேன், காற்றில் போயிற்று. விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகள் ஆடின இடத்திலேயே நின்றார்கள். அரை மணி நேரம் நாங்கள் அப்படியே காத்திருந்தோம்.

பதினைந்து பேர் வந்தார்கள். ஒருவருக்குக் காலில் ரத்தம். "யாருக்குங்க?" என்றார். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு, பாட்டுக்காகப் போட்டது என்று திக்கித் திணறிச் சொன்னார். இனி நிஜமாகக் கூப்பிட்டாலும் எங்கள் ஆட்கள் ஓடி வருவார்களா நர்சம்மா என்று இன்னொருவர் என்னைத்தான் கேட்டார். நான் காலில் ரத்தம் வந்தவரை உட்கார வைத்துக் கட்டுப்போட ஆரம்பித்தேன்.

மூங்கிலைத் தோளில் வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால், பிரசவ வலியில் துடித்த மனைவியை ரோட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே பறிகொடுத்தவர். அன்றைக்கு ஆட்கள் வந்து சேர நேரமாகிவிட்டது. அவர் மாஸ்டரைப் பார்த்தார்.

"அதுல கூவறது என்ற குரலுங்க," என்றார். "ஓடையத் தாண்டறப்பவே தெரிஞ்சு போச்சுங்க. அவ போயி ரெண்டு மாசமாச்சுன்னும் தெரியுமுங்க. ஆனா, கூப்பிடறது கேட்டுட்டு எப்படீங்க நிக்கறது?"