பன்னிரண்டு ஒயினும் ஒரு வெள்ளிக் கரண்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் ஒயின் குடித்தேன். குடித்தேன் என்று சொல்லக் கூடாதாம் — 'டேஸ்ட்' பண்ணினேன். அதுவும் ஒன்று இரண்டு இல்லை... பன்னிரண்டு!

உயர்த்திய புருவத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டலாம்.

என்னோடு காலேஜில் படித்த ரேகா, பெங்களூரில் புதிதாக ஒரு ரெஸ்டாரன்ட் திறக்கிறாள். ஊரில் இப்போது ஒயின் ஜுரம் அல்லவா? நந்தி மலைப் பக்கம் திராட்சை போட்டவர்கள் எல்லாம் பாட்டிலும் கையுமாக நிற்கிறார்கள். மெனுவில் எதையெல்லாம் சேர்ப்பது என்று முடிவு செய்ய, ஏழு பேரை உட்கார வைத்து இருபதுக்கு இத்தனை என்று மார்க் போடச் சொல்லப் போகிறாளாம். அதில் நானும் ஒருத்தி.

"எனக்கு ஒயினைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே ரேகா!"

"பரவாகில்லா கணே!" என்று கன்னடத்தில் சமாதானம் சொன்னாள். "பத்திரிகையில எல்லாம் தெரிஞ்ச மாதிரிதானே எழுதற? அதே மாதிரி மார்க் போடு."

சுருக்கென்றது. அப்போதுதான் எனக்கு அத்திம்பேர் ஞாபகம் வந்தது.

அத்திம்பேர் என்றால் என் அக்கா சரோஜாவின் கணவர். மல்லேஸ்வரத்துக்காரர். ரிட்டயர் ஆகும்வரை காப்பியை ருசி பார்த்தே சம்பளம் வாங்கியவர். தோட்டத்திலிருந்து வரும் கொட்டையை வறுத்து, பொடித்து, வெந்நீர் விட்டு, வரிசையாகக் கிண்ணங்களில் வைத்திருப்பார்கள். இவர் ஒரு வெள்ளிக் கரண்டியோடு வருவார். ஒரு உறிஞ்சல், ஒரு துப்பல், ஒரு மார்க். அடுத்த கிண்ணம்!

"ஒரு சொட்டு முழுங்க மாட்டேன். முழுங்கினா அது பிடிச்சுப் போயிடும். பிடிச்சதுக்கு மார்க் போடக் கூடாது" — இது அவருடைய சட்டம். மீறியதே கிடையாது.

ஆனால் மூன்று மாதமாக மனுஷர் ஒடிந்து போயிருந்தார். சைனஸ் ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார். இவரோ, "நாக்கு போச்சு வசு... மூக்கும் போச்சு. உங்க அக்கா போடற காப்பியும் வெந்நீரும் எனக்கு ஒண்ணா இருக்கு" என்கிறார். சமையலில் குறை சொல்வதையே நிறுத்திவிட்டார். அக்கா பயந்து போனாள். பயப்பட மாட்டாளா? கல்யாணம் ஆன நாளிலிருந்து தினம் குறை சொன்னவர்!

"வாங்கோ, நாக்கு இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம்" என்று கூப்பிட்டேன்.

"வேண்டாம்மா. அங்கே வந்து தப்பாச் சொன்னேன்னு வை, மிச்சமிருக்கிற சந்தேகமும் தீர்ந்துடும்."

அக்காதான் பிடித்துத் தள்ளிவிட்டாள். ஒரே ஒரு கண்டிஷன்: எல்லாவற்றையும் அவர் துப்பிவிட வேண்டும். தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கக் கூடாது.

ஞாயிறு காலை கிளம்பும்போது அத்திம்பேர் நெற்றியில் சந்தனம் இல்லை. வாசனை குறுக்கே வருமாம். என் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தையும் கழற்றச் சொல்லிவிட்டார். மூக்கு போச்சு என்கிறவருக்கு எதற்கு இத்தனை ஜாக்கிரதை? எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ரெஸ்டாரன்டில் நீள மேஜை, வெள்ளை விரிப்பு, பளபளவென்று கிளாஸ்கள். துப்புவதற்கு ஆங்காங்கே பக்கெட். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வைஸ் பிரசிடென்ட், ஒரு நகைக்கடை அதிபர், இன்னும் நாலு பெரிய மனிதர்கள். என் பக்கத்தில் எட்டாவதாக அத்திம்பேருக்கு ஒரு நாற்காலி. எங்களை வழிநடத்த மும்பையிலிருந்து ஒரு ஒயின் நிபுணர் — கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு போ டை!

முதலில் ஒரு ஒயிட் ஒயின். "சுழற்றுங்கள்... முகருங்கள்... மெதுவாக ஒரு வாய்" என்று நிபுணர் இங்கிலீஷில் கிசுகிசுத்தார். ஹாலில் பூஜை அறை அமைதி. அப்போது —

ஸ்ஸ்ஸ்ர்ர்ர்ப்!

அத்திம்பேர் சட்டைப் பையிலிருந்து வெள்ளிக் கரண்டியை எடுத்து, ஒயினை அதில் ஊற்றி, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி உறிஞ்சினார். அடுத்த நொடி பக்கெட்டில் குறி தப்பாமல் ஒரு பீச்சல். நகைக்கடை அதிபர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது.

பாட்டில்களைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தவர் அந்தோணி. சிவாஜிநகர்க்காரர், நாற்பது வயது இருக்கும். அவர் மட்டும் சிரிக்காமல் பக்கெட்டை அத்திம்பேருக்கு வசதியாக நகர்த்தி வைத்தார்.

மார்க் ஷீட்டில் பிளாக்கரன்ட், பீச் என்று நாங்கள் கண்ணால்கூடப் பார்க்காத பழங்களை அச்சடித்திருந்தார்கள். அத்திம்பேர் அதையெல்லாம் அடித்துவிட்டு, 'செங்காய்க் கொய்யா, வெட்டின புல்' என்று எழுதினார். எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் குடித்தேன். அட... கொய்யா! சத்தியமாகக் கொய்யா! அதுவரை வெறும் புளிப்புத் தண்ணீராக இருந்தது அது. அடுத்து வந்த ரெட் ஒயினுக்கு 'நாவல்பழம், மிளகு' என்று எழுதினார். குடித்தால் நாக்கில் நாவல்பழக் கறையே படிந்த மாதிரி இருந்தது. எனக்குக் குஷி தாங்கவில்லை.

"அத்திம்பேர், நாக்கு இருக்கு!"

"சும்மா இரு. கொய்யாவை யார் வேணா சொல்லலாம்."

எட்டு ஒயின் ஆயிற்று. அத்திம்பேரைத் தவிர வேறு யாரும் பக்கெட்டைச் சீண்டவே இல்லை. மேஜையில் ஏகப்பட்ட அன்பு. வைஸ் பிரசிடென்ட் எல்லாவற்றுக்கும் பதினெட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது, நிபுணரே பிரான்ஸிலிருந்து தருவித்த ரெட். மொத்தமே இரண்டு பாட்டில்தானாம். "இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை" என்றார். ஆஹா, ஓஹோ என்று மேஜையே உருகியது. அத்திம்பேர் உறிஞ்சினார். துப்பினார். மறுபடி உறிஞ்சினார். முகம் வெளுத்துவிட்டது.

ரேகா மார்க்குகளை உரக்கப் படித்தாள். "பதினேழு... பதினெட்டு... பதினெட்டு..." அந்தக் கடைசிப் பதினெட்டு என்னுடையது. "அப்புறம்... ரெண்டா?"

"சாருக்கு ஒயின் பழக்கமில்லை போலிருக்கிறது" என்று நிபுணர் இனிமையாகச் சிரித்தார்.

அத்திம்பேர் கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றினார். "போச்சு வசு. எல்லாருக்கும் நன்னா இருக்கு... எனக்கு மட்டும் கோணி வாசனை அடிக்கறது. மழையில நனைஞ்சு, காயாம மடிச்சு வெச்ச கோணி. கிளம்பலாம் வா." எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதற்காக இவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்?

அப்போது அந்தோணி குனிந்தார். "சார்... கோணியா சார்? நமக்கும் அதே வாசனதான் சார் வந்துச்சு, தொறக்கறப்பவே. இந்தாங்க, கார்க்க மோந்து பாருங்க. இவ்ளோ பெரியவங்க நல்லாருக்குன்றாங்களே, நாம இன்னா சொல்றதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

அத்திம்பேர் கார்க்கை முகர்ந்தார். கண்ணை மூடினார். கைக்குட்டையைப் பிரித்துக் கரண்டியை மறுபடி வெளியே எடுத்தார்.

"மேடம், அந்த இன்னொரு பாட்டிலையும் திறக்கச் சொல்லுங்கோ." இது வீட்டில் கேட்கிற குரல் இல்லை. பழைய ஆபீஸ் குரல்!

அது அந்தப் பிரதேசத்து மண்ணின் வாசனை என்று நிபுணர் விளக்க ஆரம்பித்தார். ரேகா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்தோணி, ஓபன் மாடி!" என்று கன்னடத்தில் திறக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டு பாட்டிலிலிருந்தும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றினார்கள். இரண்டாவதில் கனிந்த பழம் கமகமவென்றது. முதலாவதில்... ஐயோ, கோணியேதான்! நிபுணர் இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தார். பிறகு எழுந்து வந்து அத்திம்பேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கார்க் கெட்டுப் போயிருக்கிறது. நான்தான் கவனித்திருக்க வேண்டும்" என்றார். நல்ல மனிதர்தான். நாங்கள் அவசர அவசரமாக மார்க்கைத் திருத்தினோம். யாரும் பார்க்காதபோது நானும் பதினெட்டை ஆறாக்கினேன்.

ஆறு பேர் தலையாட்டினால் ஏழாவது தலையும் ஏன் தானாக ஆடுகிறது? சினிமா, கல்யாணத்துக்குப் பார்க்கும் பையன், மீட்டிங்கில் மேனேஜர் சொல்லும் ஐடியா — எல்லாவற்றிலும் இப்படித்தானே பதினெட்டு போட்டுவிட்டு வருகிறோம்?

பத்தும் பதினொன்றும் அத்திம்பேருக்கு ஜாம் ஜாமென்று போயின. உறிஞ்சலில் புது வேகம். இப்போது யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. கடைசியாக வந்தது ஸ்பார்க்ளிங் ஒயின். கிளாஸில் சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே ஓடிக்கொண்டே இருந்தன. அத்திம்பேர் அதையே வெகுநேரம் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கிளாஸையே எடுத்தார். உறிஞ்சும் சத்தம் இல்லை. துப்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

மார்க் ஷீட்டில் பன்னிரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

"மார்க் போடலியே அத்திம்பேர்?"

"அதுக்கு எப்படிம்மா போடறது?" என்று சீலிங்கைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா காப்பி கொடுத்தாள். ஒரே வாய். டம்ளரைக் கீழே வைத்தார். "சரோஜா, பொடி பழசு. டப்பாவையும் சரியா மூடலை. இதை மனுஷன் குடிப்பானா?"

வேறு நாளாக இருந்தால் டம்ளர் பறந்திருக்கும். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் ஜலம். "திட்டறார் வசு... திட்டறார்!"

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், சட்டென்று திரும்பிக் கேட்டாள். "ஆமாம்... எல்லாத்தையும் துப்பினாரோன்னோ?"

"பதினொண்ணையும் துப்பினார் அக்கா" என்றேன்.

மொத்தம் எத்தனை என்று அவள் கேட்கவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!