பேதிக்கு இரண்டு பொருள்

மாடம்பாக்கத்து மண்டபம் ஒன்றில், விவாதப் போட்டியில் எங்கள் அணியின் தொகுப்புரைக்கு நான் எழுந்தபோது ஒலிபெருக்கியில் யாரோ உறுமினார்கள். நீண்ட, அடித்தொண்டை உறுமல். அவை கூரையை அண்ணாந்து பார்த்தது. ஒலி அமைப்பாளர் கம்பிகளைச் சோதித்துவிட்டு, என் சட்டையில் குத்தியிருந்த மைக்கின் அருகே காதை வைத்தார்.

"லைன்ல ஒண்ணுமே இல்ல சார். உங்க கிட்டேர்ந்துதான் வருது."

அன்று வென்றேன். ஆனால் எனக்குள் ஓர் எதிரணி அமர்ந்திருப்பதை அறிந்தேன். சில மாதங்களாகவே அடிவயிறு முறுக்கியது. காலையில் தளர்ந்திருக்கும் பெல்ட் மாலையில் இறுகியது. சில நாள் கழிவறைக்கு ஓட்டம். சில நாள் நெடுநேரம் அமர்ந்தும் பயனில்லை.

என் அணித்தோழன் கவனித்துவிட்டான். "இன்னா மச்சான், மேடைன்னா உனக்கே பேதியாவுதா?"

தாம்பரம் பக்கம் பேதி என்றால் அச்சம் என்றும் பொருள். அவையஞ்சாதவன் என்று பெயர்பெற்ற நான் அந்தச் சொல்லை வாயால் சொல்வதா? மாநில இறுதிச்சுற்று நெருங்கியது. கடைசியாகப் பேசவேண்டிய நான் அதுவரை மேடையிலேயே காத்திருக்க வேண்டும். இடையில் எழுந்து ஓடினால் அணி தோற்கும். அந்தச் சொல் மட்டும் என் பெயரோடு நிற்கும்.

பிறகு ஒரு விடுமுறைப் பகல். வீட்டில் எவருமில்லை, போட்டியுமில்லை. மின்ரயில் கடந்துபோய்த் தெரு ஓய்ந்தது. அந்த ஓய்வில் அது உறுமியது. அஞ்சுவதற்கு ஏதுமில்லாத அறையில் என் நெற்றி வியர்த்தது. அச்சமில்லையென்றால், இது யார்?

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருத்துவரிடம் சென்றேன். கழிவறை போய் வந்தால் வலி குறைகிறதா, இரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, வலி உறக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று அவர் வரிசையாகக் கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றேன். என் வயிற்றுக்குள் இருந்து பார்த்தவர்போல் தலையசைத்தார். பரிசோதனை முடிவுகளில் குறையேதும் இல்லை.

"இரிட்டபிள் பவல்னு சொல்வோம். குடல் கெட்டுப்போகல, ஆனா சும்மா இருக்காது. டென்ஷன் அதை அதிகமாக்கும், ஆனா இது வெறும் பயம் இல்ல. ஸ்கேன்ல தெரியாது. நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் தெரியும்."

சொல்லையே தொழிலாகக் கொண்டவனிடம் இப்படியொரு நிபந்தனை.

இறுதிச்சுற்றன்று மேடையேறுமுன் தோழனிடம் சொன்னேன்: "பேதிதான். நிஜ பேதி. நான் முதல்ல பேசறேன், நீ முடிச்சு வை."

அவன் சிரிக்க வாய் திறந்தான். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். "சரி, மச்சான். ஓரத்து சீட்ல நீ குந்து."

முதலில் பேசினேன். கைதட்டல் அடங்கி, மைக்கைக் கழற்றக் கை உயர்த்திய கணத்தில், ஒலிபெருக்கியில் அந்த உறுமல் எழுந்தது. அவை முழுதும் கூரையைப் பார்த்தது. தோழன் மட்டும் என்னைப் பார்த்து, நாற்காலியை நகர்த்தி, நான் வெளியே போக வழிவிட்டான்.