துளசிங்கம் ஏறி வந்த பாய்மரப் படகு

பழவேற்காடு ஏரியில் வலை கட்டுவதற்குச் சேற்றில் கழி நடுவார்கள். வேலை முடிந்து கழியைப் பிடுங்கும்போது ஒன்றிரண்டு ஒடிந்துபோகும். ஒடிந்த முனை சேற்றுக்குள்ளேயே நின்றுவிடும். வலை கட்டினவர்களுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை, படகில் ஏறிப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் முனியம்மாளும் அவளோடு வரும் பெண்களும் அதே இடத்தில் முட்டி போட்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். கிழிபடுவது அவர்கள் கையும் முட்டியும்தான்.

துளசிங்கம் மட்டும் கிளம்புவதற்கு முன்னால் காலால் துழாவிப் பார்த்து, ஒடிந்த முனைகளை மூழ்கிப் பிடுங்கிப் படகில் போட்டுக்கொண்டு வருவான்.

"மீன் புடிக்க வந்தியா, வெறகு பொறுக்க வந்தியா மாப்ள?" என்று தசரதன் கேட்பான்.

"அடுப்புக்கு ஆவும் மச்சான்" என்பான் துளசிங்கம். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறின கழி எந்த அடுப்பில் எரியும்? தசரதன் அதைக் கேட்டதில்லை. முனியம்மாள் ஒரு நாள் கரையில் வைத்து அவளாகச் சொன்னபிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது.

தசரதனின் தங்கை அம்மணியைக் கட்டினவன் துளசிங்கம். கோட்டைக்குப்பத்தில் இரண்டு வீடும் அடுத்தடுத்து. ஒரே வலையை இருவரும் சேர்ந்து கட்டுவார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீன் வரும் இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். உன் முறை வரும் நாளில் நீ வலை கட்டலாம், மற்ற நாளில் கரையில்தான் இருக்க வேண்டும். பாடு பிரிப்பதில் பேர் இருந்தால்தான் ஒருவன் ஊர்க்காரன். பேரை எடுத்துவிட்டால் அவனுக்கு ஏரியும் இல்லை, கோயில் வரியும் இல்லை, ஊரில் பேச்சும் இல்லை.

முறை இல்லாத நாட்களில் துளசிங்கம் பெரிய லோடு லாரிகளோடு போவான். காற்றாலை இறக்கை, பாய்லர் என்று ரோட்டுக்கு அடங்காத சாமான் போகும்போது, மேலே ஒரு ஆள் உட்கார்ந்து குறுக்கே வரும் ஒயரையெல்லாம் காய்ந்த மூங்கில் கவையால் தூக்கிவிட வேண்டும். அதுதான் அவன் வேலை. அந்த வேலை பழகினதிலிருந்து எந்த ரோட்டில் நடந்தாலும் அவன் பார்வை அண்ணாந்தபடியே இருக்கும்.

இரண்டு வருஷம் முன்னால் ஆனி மாசத்தில்தான் அந்தச் சமாசாரம் நடந்தது. நண்டு ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி ஓட்டும் ரஞ்சித்குமார், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் எடுத்த ஒரு வீடியோவை எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டான். நீளமான ட்ரெய்லர் லாரி. அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பாய்மரப் படகு. அகலத்தில் ரோட்டில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டிருந்தது. பாய்மரத்தைக் கழற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தார்கள். படகின் தலைமாட்டில் மூங்கிலோடு துளசிங்கம்.

ஏலம் போடும் கொட்டகையில் ஆண்கள் கூடி அந்த வீடியோவை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்கள்.

"ஆளு ராஜா மாதிரி குந்தினு கீறான் பாரு."

"அவன வுடு. அடியப் பாரு, அடிய. தட்டையா கீது."

எல்லோரும் அடியைப் பார்த்தார்கள். தசரதனும் பார்த்தான். உண்மைதான். கடலில் அலை வெட்டும் படகுக்கு இருக்கும் கூர்மை அதில் இல்லை. வயிறு அகன்று சப்பையாக இருந்தது. சின்ன வயசிலிருந்து படகின் அடியைப் பார்த்தே அது எந்தத் தண்ணீருக்கு ஆனது என்று சொல்கிறவர்கள் அவர்கள். அடி தட்டையென்றால் ஆழமில்லாத தண்ணீர். ஆழமில்லாத தண்ணீரென்றால் ஏரி. சென்னைக்கு வடக்கே இவ்வளவு பெரிய ஏரி வேறு எங்கே இருக்கிறது?

"கடல்ல போவ வேண்டியது இன்னாத்துக்கு ரோட்டுல வருது?" என்றார் ஊர்த்தலைவர் பெரியசாமி. "கடல்ல வந்தா நாம பாத்துடுவோம், அதான்."

ஏரிக்கரையில் யாரோ நிலம் வாங்கியிருக்கிறார்கள், பணக்காரர்கள் படகு விட்டு விளையாடப் போகிறார்கள், வலை கட்டும் இடத்தையெல்லாம் மிதவை போட்டு அடைத்துவிடுவார்கள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு ஊரில் இருந்தது. இப்போது அந்தப் பேச்சுக்குப் படகும் கிடைத்தது, ஆளும் கிடைத்தான்.

ஆந்திராவுக்குள் போகும் பர்மிட் வராததால் லாரி எளாவூரிலேயே நின்றது. துளசிங்கம் துணி மாற்ற ஊருக்கு வந்தான். லோகேஷ் டீக்கடையில் டீயை வாங்கிக்கொண்டு வழக்கம்போல அண்ணாந்து பார்த்தான்.

"இந்த ஒயரு ரொம்ப தாழ கீது. பெரிய வண்டி ஒண்ணும் வர முடியாது" என்றான்.

அவன் சொன்னது அவ்வளவுதான். படகு வர வழி பார்க்கிறான் என்று டீக்கடையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டீ ஆறுவதற்குள் அந்தப் பேச்சு கோயில்வரை போய்விட்டது.

அன்று சாயங்காலமே எல்லையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைவர் ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றிவைத்தார்.

"அந்தப் படகு நம்ம ஏரிக்கு வராதுன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு. நாங்க நம்பறோம்."

துளசிங்கம் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கை நீளவில்லை.

"எனக்குத் தெரியாது தலைவரே. ஓசூர்ல ஏறினேன், எளாவூர்வரைக்கும் ஒயரு தூக்கச் சொன்னாங்க. அதுக்கு மேல எங்க போவுதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. தெரியாத விஷயத்துக்கு அம்மன் வாசல்ல எப்படி சத்தியம் பண்றது?"

"நீ கொண்டாரல இல்ல? அத்தயாவது சொல்லு."

"கொண்டாந்ததே நான்தானே."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஆடியில் பாடு பிரிக்கும்போது துளசிங்கம் பேர் இருக்காது, அதற்குள் உண்மை தெரிந்தால் பார்க்கலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார். கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது.

தசரதன் அன்றைக்கு அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் ஒரே வலைக்காரன், இவனுக்கும் பங்கு உண்டு என்பார்கள். அது மட்டுமில்லை, அவன் மனசிலும் முள் இருந்தது. போன மாசம் துளசிங்கம், "முகத்துவாரத்துல இப்ப எவ்ளோ ஆழம் கீது மச்சான்?" என்று கேட்டிருந்தான். அன்றைக்கு அது சும்மா கேட்ட கேள்வி. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் சும்மா கேட்டதாகத் தெரியவில்லை. போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறானே, அது எதற்கு? வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்பது தசரதனுக்கும் தெரியும். ஆனாலும் எதற்கு?

"ணா, நீயாவது போய்ப் பாரு. அவுரு ஊர ஏமாத்தினவரா இருந்தா நானே சொல்லிடறேன் ஊர்ல" என்றாள் அம்மணி. அவள் கண் சிவந்திருந்தது.

மறுநாள் காலையில் துளசிங்கம் முதல் பஸ்ஸில் போனான். தசரதன் அடுத்த பஸ்ஸில் போனான். பொன்னேரியில் மாறி எளாவூரில் இறங்கி, ஒரு பங்க்சர் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டான். நேரில் பார்க்கப் படகு இன்னும் பெரிசாக இருந்தது. துளசிங்கம் மேலே உட்கார்ந்திருந்தான். தொப்பி போட்ட ஒரு ஆள் கீழே நின்று போனில் பேசிக்கொண்டே கிழக்கே கையைக் காட்டினான். கிழக்கே ஏரி. தொப்பிக்காரன் மறுபடியும் கையைக் காட்டினான். துளசிங்கம் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான்? 'அம்மா தாயே, இவன் என் தங்கச்சி புருஷன்' என்று தசரதன் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான். வெயில் ஏறினபிறகும் அவன் அங்கேயே நின்றான்.

உச்சிப்பொழுதுக்கு இன்னொரு லாரி வந்து பின்னால் நின்றது. வழியில் அச்சு முறிந்து நின்றுபோன வண்டியாம். கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே கறுப்பாக, சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு இரும்பு. கீழே ஈயத்தில் கனமான குண்டு.

தசரதன் ஒளிந்திருக்கிறோம் என்பதையே மறந்தான். நேரே லாரிக்குப் போய், தெலுங்கு பேசின அந்த டிரைவரிடம் தெலுங்கிலேயே கேட்டான். படகின் அடியில் மாட்டுவது, ரோட்டில் உயரம் ஒத்துவராததால் கழற்றித் தனியாக எடுத்துப் போகிறோம், விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் வைத்து மாட்டுவார்கள் என்றான் டிரைவர். கொச்சியில் அடி உடைந்து பழுது பார்த்த படகாம். இது இல்லாமல் தண்ணீரில் விட்டால் பாய் விரித்ததும் கவிழ்ந்துவிடுமாம். தொப்பிக்காரனையும் கேட்டான். அவன் கிழக்கே கையைக் காட்டினது, ரோட்டோர மரக்கிளை படகில் இடிக்காமல் வண்டியை நகர்த்தச் சொல்லித்தானாம்.

தசரதன் லாரியில் ஏறி அந்த இரும்போடு தன்னை அளந்து பார்த்தான். அவன் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது. அவர்கள் வலை கட்டும் இடத்தில் தண்ணீர் அவன் இடுப்புக்கு மேல் ஏறினதில்லை. இதை மாட்டிக்கொண்டு ஏரிக்குள் வந்தால் முதல் சேற்றிலேயே குத்திக்கொண்டு நிற்கும்.

ஊருக்கு வந்து அதைத் தலைவரிடம் சொன்னான். உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"அத்த கழட்டிட்டு ஓட்டினா?" என்றார் பெரியசாமி.

"கவுந்துடும் தலைவரே."

"உன் மாப்ள சொன்னானா?"

"தெலுங்கு டிரைவரு சொன்னாரு. அவருக்கு நம்ம பாடும் தெரியாது, மாப்ளயும் தெரியாது."

தலைவர் நம்பவில்லை. ரஞ்சித்குமாரைக் கூட்டிக்கொண்டு அவரே எளாவூர் போனார். அதற்குள் வண்டிகள் கிளம்பிவிட்டிருந்தன. செக்போஸ்ட்காரரிடம் விசாரித்துவிட்டு வந்து, "போயிட்டுது" என்று மட்டும் சொன்னார். ஆடியில் பாடு பிரித்தபோது துளசிங்கம் பேரைப் படித்தார்கள். படித்தபோது இரண்டு பேர் இருமினார்கள். அந்தப் படகு திரும்பி வரும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு.

துளசிங்கம் திரும்பி வரவில்லை. ஒயர் தூக்குவதில் அவன் பக்குவம் பிடித்துப்போய், அந்த லாரிக்காரர்கள் விசாகப்பட்டினம் வரைக்கும் கூட்டிப்போனார்கள். பிறகு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மணியும் பிள்ளைகளோடு போய்விட்டாள். போனில் பேசுவதோடு சரி.

தசரதன் அவனைக் கடைசியாக நேரில் பார்த்தது அன்றைக்கு எளாவூரில்தான். பர்மிட் வந்து லாரி உறுமியது. ஊரில் என்ன முடிவு செய்வார்கள் என்று இருவருக்கும் தெரியாது. தசரதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். துளசிங்கம் மூங்கிலை மடியில் போட்டுக்கொண்டு குனிந்தான்.

"காலையிலேர்ந்து நீ பங்க்சர் கடைக்குப் பின்னால நின்னத பாத்துகினுதான் இருந்தேன் மச்சான். கூப்ட்டா உனக்கு வெக்கமா இருக்கும்னு வுட்டுட்டேன். எனக்கு பாடு குடுத்தாங்கன்னா நீயே வலைய கட்டு. மீன் வந்தா அம்மணிக்கு பாதி குடு. வரலன்னா, அதுக்கும் என்னய சந்தேகப்படாத."