மிதிக்காத கால்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே நம்பியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் யாராவது ஒருத்தி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் மிதிப்பேன். "படிக்காமலே டாக்டர் ஆயிட்டா எம் பொண்ணு" என்று அம்மா கேலி செய்வாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அம்மாவுக்கே முதுகு வலி வந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த லைனில் முதுகு வலிக்காதவள் கிடையாது. "மெஷின்ல உக்கார்றவங்களுக்கு வர்றதுதான்" என்று கூட வேலை செய்தவள் தைலம் கொடுத்தனுப்பினாள். ஒருவரும் பயப்படவில்லை. நான் பயந்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் புற்றுநோய் என்று அம்மாவின் இடது மார்பை எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கட்டிய எடுத்தாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கொஞ்சம் செல்லு ரத்தத்துல கலந்து போயிருக்கலாம். எலும்பு, நுரையீரல், ஈரல், மூளைன்னு எங்கயாவது போய் உக்காந்துக்கும், வருஷம் கழிச்சு வளரும். எலும்புல வந்தா வலிக்கும், எலும்பு சத்தில்லாம உடையும். விடாத வலின்னா உடனே வாங்க." அம்மா தலையாட்டினாள். பஸ் வரும்வரை இருவரும் இட்லி மாவைப் பற்றியே பேசினோம்.

இந்த வலி லீவு நாளிலும் விடவில்லை. படுத்தால் அதிகமானது. அவள் "அம்மா" என்று முனகும்போதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரி என்ற சொல்லை மட்டும் இருவருமே எடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை அம்மா பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள்.

"வாடீ. ஊருக்கெல்லாம் மிதிக்கிறே, எனக்கும் ஒரு மிதி மிதி."

சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். ரவிக்கைக்குக் கீழே முதுகெலும்பு வரிசையாகப் புடைத்துத் தெரிந்தது. இதில் எது உள்ளே அரித்துப்போயிருக்கிறதோ, என் கால் பட்டு நொறுங்கிவிட்டால்? காலைத் தரையில் வைத்துவிட்டேன்.

"கால் மரத்துப் போச்சும்மா. அப்புறம் மிதிக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. பாயில் முகத்தைப் புதைத்தபடியே கேட்டாள்:

"டாக்டரம்மா சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கா?"