ஆர்லீதா கொண்டுபோன ஏழு டப்பாக்கள்

ஆர்லீதா ஸ்பைவியும் நானும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எதிரெதிரே நின்று பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவர்கள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். அவள் விரிப்பை இழுக்கிற வேகத்தை வைத்தே முந்தின நாள் அவள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நடந்தது இதுதான்.

ஆர்லீதா மேக்கன் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். புருஷன் க்ளீவன், பைன் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனை வளர்த்தது பதினோரு வயது மூத்த அக்கா வெர்டெல். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாடு எப்போதும் வெர்டெல் வீட்டில்தான். முப்பது பேர் வருவார்கள். நடுமேஜையில் வெர்டெல் ஓவனில் சுட்டெடுத்த மக்ரோனி சீஸ் இருக்கும்.

எங்கள் ஆட்களிடம் மக்ரோனியை யார் செய்வது என்பது லேசான விஷயம் இல்லை. தட்டோடு வரிசையில் நிற்பவர் கரண்டியைத் தொடுவதற்கு முன்னால், "மக்ரோனி யாரு பண்ணது?" என்று கேட்பார். "வெர்டெல்" என்ற பதில் காதில் விழுந்த பிறகுதான் கரண்டி உள்ளே இறங்கும். அவள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லமாட்டேன். மேலே பொன்னிறமாக முறுகி, உள்ளே முட்டையும் பாலும் மூன்று வகைச் சீஸும் சேர்ந்து இளகி நிற்கும். ட்ரேயின் நான்கு மூலைகளிலும் ஓரம் கருகினாற்போல் ஒட்டியிருக்குமே, அதில் ஒரு மூலை க்ளீவனுக்கு. அவன் சின்னப் பையனாக இருந்த நாளிலிருந்து அப்படித்தான். மற்றவர்கள் யாரும் அதில் கை வைக்கக்கூடாது.

கல்யாணமான முதல் வருஷம் ஆர்லீதாவை ஐஸும் காகிதத் தட்டும் வாங்கிவரச் சொன்னார்கள். நாலாவது வருஷம் பீன்ஸ் செய்ய அனுமதி கிடைத்தது. பிறகு ஒரு பெரியம்மாவுக்குக் கை நடுக்கம் வந்தபோது காலர்ட் கீரை இவள் தலையில் விழுந்தது. அப்புறம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அப்புறம் முட்டைக்கோஸ், மக்காச்சோள ரொட்டி, வினிகரில் ஊறவைத்த வெள்ளரிக்காய், பீட்ரூட் ஊறுகாய். பத்து வருஷத்தில் மக்ரோனியும் வான்கோழியும் தவிர மேஜையில் இருந்த எல்லாமே அவள் சமைத்தவை.

காலர்ட் கீரையைக் கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும். இலைக்கு இலை மடிப்புக்குள் மணல். நாலு தண்ணீரில் அலசி, அஞ்சாவது தண்ணீரில் அடியில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலில் நறநறத்தால் ஆறாவது தண்ணீர். தண்டை உருவி எறிந்து, இலையைச் சுருட்டி அரிந்து, புகைபோட்ட வான்கோழிக் கழுத்தோடு பாதி நாள் வேகவைத்து, இறக்கும்போது வினிகர் விடுவாள். அந்தப் புளிப்பும் கசப்பும் நாக்கை வழித்துவிடும். அதனால்தான் அடுத்த கரண்டி மக்ரோனி உள்ளே போகிறது. மக்ரோனியை மட்டும் தின்று பாருங்கள். ஏழாவது வாயில் தொண்டை மூடிக்கொள்ளும்.

இதை அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. சாப்பிட்டு முடித்து வயிற்றைத் தடவிக்கொண்டு, "வெர்டெல், இந்தத் தடவை உன்னையே மிஞ்சிட்டே" என்பார்கள். ஆர்லீதா காலி ட்ரேக்களைச் சேர்த்துக்கொண்டிருப்பாள்.

க்ளீவனுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் அன்று அவனால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஆர்லீதா போகமாட்டேன் என்றாள். அவன்தான் விடவில்லை. "முப்பது பேரு உன் கீரைக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. போயிட்டு வா. வரும்போது அக்காகிட்ட என் மூலையை வாங்கிட்டு வந்துடு" என்றான். டாக்டர் சீஸ் கூடாது என்றிருந்தார். ரெண்டு வாய் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று ஆர்லீதா முடிவுசெய்தாள். நான் லீவு போட்டு அவனுக்குத் துணையாக இருந்துகொண்டேன்.

மத்தியானம் முழுக்க அவன் அந்த மூலைத் துண்டைப் பற்றித்தான் பேசினான்.

"ஜொனெல், எங்கக்கா அதை தனியா அலுமினியத் தாள்ல சுத்தி வெச்சிடும் தெரியுமா. ஒரு தடவை எங்க மாமா எடுக்கப் போயி கரண்டியாலயே கைமேல வாங்கிக்கிட்டாரு."

"சொன்னே, சொன்னே. இதோட அஞ்சு தடவை சொல்லிட்டே."

"பசிக்குதும்மா. ரொம்ப நாள் கழிச்சு பசிக்குது."

நாலு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவனை நிமிர்த்தி உட்காரவைத்தேன். ஆர்லீதா உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் அவளுடைய ஏழு ட்ரேக்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் காலி. கழுவக்கூட இல்லை. சர்க்கரைப் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் மேல்கோட்டைக் கழற்றாமல் கட்டிலருகே வந்து, "தீர்ந்துபோச்சு க்ளீவன்" என்றாள்.

அவன் காலி ட்ரேக்களைப் பார்த்தான். பிறகு, "அவ்வளவு பேரு வந்திருந்தாங்களா? நல்லதுதான்" என்றான். நான் ரெண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டான்.

மார்ச் மாதம் க்ளீவன் போய்ச் சேர்ந்தான். அதுவரை வெர்டெல் அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. அடக்கம் முடிந்து சர்ச்சில் நடந்த சாப்பாட்டுக்கு மட்டும் பெரிய ட்ரே நிறைய மக்ரோனி செய்து அனுப்பினாள். எல்லாரும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆர்லீதா தட்டையே எடுக்கவில்லை.

அடுத்த நவம்பரில் வெர்டெலின் புருஷன் ரூஃபஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவார். இந்தப் பக்கம் இருந்த எனக்கே எல்லாம் கேட்டது.

"ஆர்லீதா, வழக்கம்போலதான். மக்ரோனியை உங்க அண்ணி பாத்துக்குவா, கஷ்டமான வேலை அவளோடது. நீ அந்தத் தொட்டுக்கிறதை மட்டும் கொண்டாந்துடு. உனக்கு சுலபம்தானே, கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணிடுவே."

"சுலபமானதா கொண்டு வரணுமா அண்ணே?"

"ஆமாம்மா. உன்னைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"சரி அண்ணே. சுலபமானதாவே கொண்டு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் கொதிக்குமுன் பாத்திரம் ஒரு கணம் சத்தமில்லாமல் கிடக்குமே, அப்படி இருந்தாள்.

தேங்க்ஸ்கிவிங் அன்று என் வண்டியில்தான் போனோம். மடியில் ஒரு காகிதப் பை மட்டும் வைத்திருந்தாள். "ட்ரேயெல்லாம் எங்கேடி?" என்று கேட்டேன். "ஓட்டு" என்றாள்.

வெர்டெல் வீட்டில் மக்ரோனி நடுவில் இருந்தது. வான்கோழி அறுத்து வைத்தாயிற்று. சுற்றிலும் ஏழு ட்ரேக்களுக்கான இடம் காலியாகக் கிடந்தது. ஆர்லீதா பையிலிருந்து ஏழு தகர டப்பாக்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். பீன்ஸ், கீரை, சர்க்கரைவள்ளி, முட்டைக்கோஸ், மக்காச்சோளம், பீட்ரூட், கேரட். கடைசியில் டப்பா திறக்கும் கருவியை எடுத்து அவற்றின் முன்னால் வைத்தாள்.

யாரோ சிரித்தார்கள். வேறு யாரும் சேர்ந்துகொள்ளாததால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

வெர்டெல் கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இது என்ன கூத்து ஆர்லீதா? என் மேஜைல டப்பா சாப்பாடா?"

"சுலபமானதா கொண்டு வரச் சொன்னாங்க அண்ணி. இதைவிட சுலபமா எதுவும் கடையில இல்லை."

"பண்டிகை நாளும் அதுவுமா பெரியவங்க முன்னாடி இப்படியா பண்ணுவே? உனக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்லியிருக்கலாமே."

"முடியுது. இப்பவும் முடியும். யாருக்குப் பண்ணணும்ங்கறதுதான் தெரியலை."

"என்னடி பேச்சு இது?"

அப்போதுதான் ஆர்லீதா, வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அண்ணி என்ற சொல்லை விட்டுவிட்டுப் பெயரைச் சொன்னாள்.

"வெர்டெல், போன வருஷம் இதே மேஜையில ஏழு ட்ரே கொண்டுவந்து வெச்சேன். கீரையை ஆறு தண்ணியில அலசினேன். ராத்திரி க்ளீவன் வாந்தி எடுக்க எடுக்கத் துடைச்சுட்டு, நடுவுல வந்து கிழங்கைத் திருப்பிவிட்டேன். நீங்க முப்பது பேரும் வழிச்சு நக்கிட்டு ட்ரேயைக் கையில குடுத்தீங்க. நான் உன்கிட்ட வந்து, என் புருஷனுக்கு ஒரு தட்டுன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே? ஞாபகம் இருக்கா?"

வெர்டெல் கைத்துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"'அடடா, காலியாயிடுச்சே'ன்னே. அவன் உன் தம்பி. மூலைத் துண்டு மூலைத் துண்டுன்னு மத்தியானம் பூரா வாசலைப் பாத்துக்கிட்டுக் கிடந்தான். வேணும்னா இவளைக் கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம், கிடந்தான். பசிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னான்" என்றேன்.

"நாங்க யாரோ எடுத்து வெச்சிருப்பாங்கன்னு நெனைச்சோம்மா" என்றார் ரூஃபஸ்.

"யாரோன்னா யாரு? முப்பது பேர்ல அந்த யாரோ யாரு? வந்து என் முன்னாடி நிக்கச் சொல்லுங்க பாக்கலாம்." அவள் குரல் வாசல்வரை கேட்டிருக்கும். "இருபத்தாறு வருஷமா நான் பண்ணதைத் தொட்டுக்கிட்டுத்தான் உங்க மக்ரோனி உள்ள இறங்குச்சு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், இந்தக் கீரையை யாரு பண்ணதுன்னு கேட்டதில்லை. அது போகட்டும், அதுக்கு நான் சண்டை போட வரலை. ஆனா அவனுக்கு ஒரு கரண்டி சோறு எடுத்து வைக்க உங்களுக்குத் தோணலையே. அதைப் பண்ணிட்டு சுலபமானதா கொண்டான்னு எனக்கு ஃபோன் வேற போடறீங்க."

வெர்டெல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அவனை அப்படிப் பாக்க தைரியம் வரலை ஆர்லீதா" என்றாள். "தூக்கி வளர்த்த பையன். தட்டு எடுத்து வெச்சா நான்தான் கொண்டுபோய்க் குடுக்கணும். அதனால வைக்காம விட்டுட்டேன். மறக்கலை. வேணும்னேதான் விட்டுட்டேன்."

அறையில் இருந்த யாருமே இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். ஆர்லீதா அழவில்லை.

"எனக்கும் தைரியம் இல்லைதான். ஆனா நான் பக்கத்துல இருந்தேன்" என்றாள். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

அன்று அங்கே யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ரூஃபஸ் இரண்டு டப்பாக்களைத் திறந்து சூடாக்கி வைத்தாராம். மக்ரோனி பாதிக்குமேல் மிஞ்சியதாம். இருக்கட்டும்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஆர்லீதா தன் வீட்டிலேயே மேஜை போட்டாள். நோயாளிகளுக்குப் பண்டிகை ஏது, அதனால் சலவைக்கூடத்துக்கும் லீவு கிடையாது. காலை ஷிஃப்ட் முடிந்து பெண்கள் எட்டுப் பேர் நேரே அவள் வீட்டுக்குப் போனோம். ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்று வைத்துக்கொண்டோம், அதுவும் வேலைக்குப் போகிறவர்களால் முடிகிற அளவுக்கு. வெள்ளரிக்காயும் வெங்காயமும் வினிகரில் போட்டால் பத்து நிமிஷம். முட்டைக்கோஸை வெண்ணெயில் வதக்கினால் கால் மணி நேரம். பீன்ஸைப் பூண்டோடு அடுப்பில் வாட்டினால் போதும். எதைச் சுலபம் என்று சொல்வது என்பதைச் சமைக்கிறவர்களே தீர்மானித்துக்கொண்டோம். மக்ரோனியை ஆர்லீதா செய்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. பால் குறைந்துபோய்க் கத்தியால் வெட்டும்படி கெட்டியாக வந்தது.

"இதை வெச்சு சுவரு கட்டலாம்டி" என்றேன்.

"மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள். தின்றோம்.

அந்த வருஷமே, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், வெர்டெல் ஒரு கட்டுக் காலர்ட் கீரையோடு அவள் வாசலில் வந்து நின்றாள். மருமகள் செய்த கீரையில் வாய் நிறைய மணல் என்றாள். எப்படி அலசுவது என்று சொல்லித்தரச் சொன்னாள். ஆர்லீதா கதவைத் திறந்து, உள்ளே விட்டு, தொட்டியில் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். ஆறு தண்ணீரும் வெர்டெலையே அலசவைத்தாள். இவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "இன்னும் மணல் இருக்கு, மறுபடி" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. உட்காரச் சொல்லவில்லை. காப்பி கொடுக்கவில்லை.

வெர்டெல் ஈரக் கையோடு வாசல்வரை போய்த் திரும்பி, "உன் கோபம் எப்பத்தான் தீரும் ஆர்லீதா?" என்று கேட்டாள்.

"தெரியலை. தீர்ந்தா சொல்லி அனுப்பறேன்" என்றாள் ஆர்லீதா.

ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் சொல்லி அனுப்பவில்லை. சர்ச்சில் பக்கத்துப் பக்கத்து வரிசையில்தான் இருவரும் உட்காருகிறார்கள். பாஸ்டர் இருமுறை சமாதானம் பேசிப் பார்த்தார். மூன்றாவது முறை அவரையே ஆர்லீதா ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அவர் விட்டுவிட்டார்.