புவாரியே குடும்பத்து இடத்தில் அடுப்பு

மரியெல் பூஜோ தன் வாழ்நாளில் ஜெயித்தவை இவை: இடிப்பதற்கு இருந்த சேந்த்-ஓடில் ஊர்க் கோவில். வண்டி ஓட்டும் உரிமம். அதுவும் ஐம்பது வயதுக்கு மேல், கேள்விகளை அதிகாரியே வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியது. ஆயர் இல்லத்துச் செயலரின் சம்மதம். எலோய் புவாரியேவின் சம்மதம். இது ஆயர் இல்லத்தைவிடக் கடினம். கடைசியாகத் தன் பெயர்.

பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்தது ஒரே ஒரு குளிர்காலம். அம்மா நோயில் படுத்ததும் வீட்டு வேலைக்கு நின்றுவிட்டாள். பிறகு அதே ஊர்க் கோவிலில் கல்யாணம் நடந்தபோது பதிவேட்டில் அவள் போட்டது ஒரு சிலுவைக்குறி. "கிறிஸ்தவப் பொண்ணுக்கு ஏத்த கையெழுத்துதான்" என்று பங்குச் சாமியார் சிரித்தார். மரியெலும் சிரித்துவைத்தாள். ஆனால் மறக்கவில்லை.

முப்பது வருடம் அந்தக் கோவிலைப் பெருக்கித் துடைத்தவள் அவள். கஸ்பே கடற்கரையில் மீன் ஆலைகள் மூடியபின் இளையவர்கள் கிளம்பிப் போனார்கள். பூசை மாதத்துக்கு ஒன்றானது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையும் மூடியது. பிள்ளைகள் மதியத்துக்கு ஆறிப்போன ரொட்டியைத் தின்றார்கள். வயதானவர்கள் அவரவர் வீட்டில் தனியாக டப்பா சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தார்கள். இந்த நிலையில்தான், மரியெல் விடாமல் போய்க் கேட்டதில், ஆயர் இல்லத்துச் செயலர் சம்மதித்துச் சொல்லியனுப்பினார்: கோவிலை ஒரு கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொள்ளலாம், ஒரு குளிர்காலம் நடத்திப் பார்க்கலாம். கோவிலைச் சேர்ந்த பங்கு மக்களில் மூன்றுக்கு இரண்டு பேர் கை தூக்கினால் கோவில் ஊருக்கு. இல்லையென்றால் வசந்தத்தில் இடிப்பு.

"சமைச்சுப் போடுவோம். பிள்ளைங்களுக்கும் கிழங்களுக்கும் ஒரே பந்தி" என்றாள் மரியெல்.

அவளும் அண்ணன் ஒனேசிமும் பெஞ்சுகளைக் கழற்றினார்கள். ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் அந்தந்தக் குடும்பத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. தலைமுறை தலைமுறையாக அவரவர் குடும்பத்துக்கு அவரவர் பெஞ்சு. ஒனேசிம் திருகாணிகளைக் கூட அளவு பார்த்துத் தனித்தனிப் புட்டியில் போடுகிறவர்.

"தகட்டையெல்லாம் ஒண்ணா ஏப்ரன் பையில போடுறியே, எது யாருதுன்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"வாசிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்றாள்.

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் எந்த இடத்தில் யார் உட்கார்வார்கள் என்பது துடைத்த கைக்குத் தெரியும். ஆகவே கையிலிருக்கும் தகடு என்ன பெயர் சொல்கிறது என்பதும் தெரியும். தங்கள் பூஜோ தகட்டில் இருந்த முதல் பிரெஞ்சு எழுத்து பெர்னார் தகட்டிலும் முதலில் நின்றது. மொரோ தகட்டின் முதல் எழுத்துதான் 'ம'வின் ஓசை என்றால், மரியெலுக்கும் அதுவேதான். அன்றிலிருந்து ரொட்டிக்கு மாவு பிசையும்போதெல்லாம் மேசையில் சிந்திய மாவில் விரல் ஓடும். எழுதுவாள், அழிப்பாள். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் பந்திக்கு ஊரே வந்தது. நீள மேசைகள், பட்டாணி சூப், உப்பிட்ட காட் மீன். வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய், பெஞ்சு இல்லாவிட்டாலும், தங்கள் பெஞ்சு இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் பீடத்தைப் பார்த்து, மேசைக்கு ஒரே பக்கமாக. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு சூப் குடித்தார்கள்.

புவாரியே குடும்பம் மட்டும் மேற்சட்டையைக் கழற்றாமல் வாசலருகே நின்றது. அவர்கள் இடத்தில் அடுப்பு இருந்தது. பழைய காலத்துப் புகைபோக்கி அங்கேதான். கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமென்று எலோயின் தாத்தா பிடித்த இடம் அது. சற்று நேரம் நின்றுவிட்டுக் குடும்பமாக வெளியேறினார்கள். சம்பந்திகளையும் சேர்த்தால் அந்தக் குடும்பம் ஊரில் பாதி. அவர்கள் கை தூக்காவிட்டால் கோவில் இல்லை.

மறுநாள் மரியெல் எலோய் வீட்டுக்குப் போனாள்.

"எங்க தாத்தன் ஜெபம் பண்ணின இடத்துல மீன் வேகுது" என்றார் எலோய்.

"புகைபோக்கி அங்கதான இருக்கு, அண்ணே. வேற எங்க வைக்கச் சொல்றீங்க?"

"அப்ப இடியட்டும்."

"உங்க தாத்தன் ஜெபமா பண்ணினாரு? குளிர் காஞ்சாரு. ஊருக்கே தெரியும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் கொலெத் முதுகைக் காட்டியபடியே சிரிப்பில் குலுங்கினாள். மரியெல் பையிலிருந்து புவாரியே தகட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நான் இடத்தைக் கேக்க வரலை. இடம் உங்களுது. அதுல வேற ஆள் நின்னு கரண்டி பிடிச்சா எனக்கே ஒப்பலை. அடுப்பு இனிமே உங்க குடும்பத்துப் பொறுப்பு."

"எனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாதும்மா."

"அதிகாரம் பண்ணத் தெரியும்ல?"

"போயிட்டு வாங்க மாமா" என்றாள் கொலெத். "மதியத்துலயாவது இந்த வீடு கொஞ்சம் அமைதியா இருக்கட்டும்."

எலோய் தகட்டைக் கையில் எடுத்தார். துணியால் துடைத்தார்.

அடுத்த பந்திக்கு அவர் குடும்பத்தோடு வந்தார். தகட்டை அடுப்புக்கு மேலே சுவரில் அவரே திருகினார். கொலெத் கிளற, அவர் இடுப்பில் கைவைத்து நின்று, ருசி பார்க்காமலேயே, "உப்பு பத்தலை" என்றார். பந்தியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மேசைக்கு அந்தப் பக்கமும் உக்காருங்கய்யா. கொண்டு வர்ற பிள்ளைங்க எவ்வளவு தூரம் நடக்குறது? சாமி எங்கயும் போகமாட்டார்."

முதலில் பெர்னார் வீட்டுப் பிள்ளைகள் மாறி உட்கார்ந்தார்கள். பிறகு மொரோ வீட்டுக் கிழவி, முணுமுணுத்துக்கொண்டே. ஊர்க்காரர்கள் அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சத்தம் கூரையைத் தொட்டது.

குளிர்காலம் முடிந்து பங்கு மக்கள் கூடியபோது முதலில் உயர்ந்த கை எலோயுடையது. பின்னால் திரும்பி அவர் ஒரு பார்வை பார்த்தார். புவாரியேக்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். தூக்காதது மூன்று பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சங்கத்துக்குத் தலைவி யார் என்ற கேள்வியே எழவில்லை.

பத்திரம் எழுத நோட்டரி கோவிலுக்கே வந்தார். மரியெலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் போலும். சிலுவைக்குறி போட இடம் விட்டு, அதற்குச் சாட்சியாக இரண்டு பேரையும் நிறுத்தியிருந்தார்.

"இங்க ஒரு குறி போட்டாப் போதும்மா."

"குறி ஒரு தடவை போட்டாச்சு, இதே கோவில்ல" என்றாள் மரியெல். "பேனாவைக் குடுங்க."

ஒனேசிம் ஒன்றும் புரியாமல் தங்கையைப் பார்த்தார். அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, மொரோவின் எழுத்தில் தொடங்கினாள். இடையில் நிறுத்தவில்லை. பூஜோவின் கடைசி எழுத்து முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு, தேதியையும் தானே எழுதுவதாகச் சொன்னாள்.

2003 மே 21.