கேட்டதைக் குடுங்க

எனக்கு எதையும் எடுத்த எடுப்புல நம்புற புத்தி கிடையாது. பொறந்த நேரம் அப்படின்னு எங்கம்மா சொல்லும். போடியில ஏலக்கா ஸ்டோர்ல வருசக்கணக்கா காய் பொறுக்கி வந்த புத்தின்னு நான் சொல்லுவேன். மேலுக்குப் பாத்தா பச்சைப் பசேல்னு இருக்கும், கீறிப் பாத்தா உள்ள அரிசியே இருக்காது. அந்த மாதிரிக் காயைப் பாத்துப் பாத்து மனுசங்க மேலயும் அதே கண்ணு விழுந்துருச்சு. வீட்டுல எனக்கு வச்ச பேரு போலீஸ்காரி.

எழுபதுகளோட கடைசியில எங்க அண்ணனுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. அண்ணன் லாரி டிரைவர். தேனி மார்க்கெட்டுல முட்டைகோசும் வாழைக்காயும் ஏத்திக்கிட்டுக் குமுளி மலை ஏறி இறங்குற ஆளு. சாப்பாட்டு விசயத்துல ராசா. கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசம் வந்தாப் போதும், குளிச்சும் குளிக்காம வந்து தட்டு முன்னால உக்காந்துரும். அந்த மனுசன் ஒரு நாள் சோத்தைத் தள்ளி வச்சிட்டு, உடம்பெல்லாம் அரிக்குதுன்னு செவுத்துல முதுகைத் தேச்சுக்கிட்டு நின்னுச்சு.

காமாலைன்னா எங்க பக்கம் ஆஸ்பத்திரிக்கு யாரும் போறதில்ல. தேவாரத்துப் பக்கம் ஒரு இலை வைத்தியர் இருந்தாக. வெறும் வயித்துல கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடுப்பாக. சுண்ணாம்புத் தண்ணியில கையை முக்கச் சொல்லுவாக, தண்ணி மஞ்சளா மாறும், பாத்தியா காமாலை இறங்குதுன்னு காட்டுவாக. நானும் கூடப் போயிருந்தேன். கையை முக்குறதுக்கு முன்னால அவுக உள்ளங்கையில எதையோ தடவி விட்டது எனக்குத் தெரிஞ்சுச்சு. அதைச் சொன்னேன். மதினி என்னைப் பாத்த பார்வையில நானே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கணும், போகல.

மதினின்னா அண்ணன் பொண்டாட்டி. பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. வைத்தியர் சொன்ன பத்தியத்தை அது பிடிச்ச பிடி இருக்கே, அப்பப்பா. உப்பு ஆகாது, புளி ஆகாது, எண்ணெய் ஆகாது, கறி மீன் ஆகாது. மஞ்சளா இருக்குற எதுவும் ஆகாது, அது உடம்புல இருக்குற மஞ்சளை ஏத்தி விட்டுரும். முட்டைக் கரு, பப்பாளி, துவரம்பருப்பு எல்லாம் போச்சு. தாளிக்கிற வாடை பட்டாலே ஆகாதுன்னு வீட்டுல கடுகு டப்பாவையே பரண்ல ஏத்திருச்சு. அண்ணனுக்குப் போட்ட அதே உப்பில்லாத கஞ்சியத்தான் அதுவும் குடிச்சது. அதை மட்டும் என்னால குறை சொல்ல முடியாது.

மஞ்சள் இறங்கல. அண்ணன்தான் இறங்கிப் போச்சு. காக்கிச் சட்டை கொடியில தொங்குற மாதிரி உடம்புல தொங்குச்சு. அப்புறம் காலு ரெண்டும் வீங்க ஆரம்பிச்சது. பாக்க வந்தவுக எல்லாம், பரவால்லயே, கொஞ்சம் உடம்பு வச்சிருக்காகன்னு சொல்லிட்டுப் போனாக. எனக்கு வந்துச்சே கோபம். மூஞ்சி ஒட்டிப் போயிருக்கு, காலு மட்டும் எப்படிச் சதை வைக்கும்னு கத்தினேன். அன்னைக்கு வீட்டுல பெரிய ரகளை. கடைசியில அண்ணனே, ஏ புள்ள, மதுரைக்குக் கூட்டிட்டுப் போ, அரிப்பு தாங்கலன்னு சொன்ன பெறகுதான் மதினி வாயை மூடுச்சு.

மதுரை ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாக, படம் எடுத்தாக, பெறகு ஆபரேசன் பண்ற டாக்டர் வந்தாக. ஒல்லியான மனுசன், முகத்துல சிரிப்பே கிடையாது. பித்தம் இறங்குற குழாய்ல கட்டி அடைச்சிருக்கு, புத்துநோய்க் கட்டி, அறுத்துத்தான் எடுக்கணும்னு சொன்னாக. சொல்லிட்டு அண்ணன் முழங்காலுக்குக் கீழ கட்டை விரலை வச்சு அமுக்கி எடுத்தாக. பள்ளம் விழுந்துச்சு. விழுந்த பள்ளம் அப்படியே நின்னுச்சு. இது சதை இல்லம்மா, சத்து இல்லாம நீர் கோத்திருக்கு, இந்த உடம்புல கத்தி வச்சா தையல் பிடிக்காது, புண்ணு ஆறாதுன்னாக. முதல்ல உடம்பைத் தேத்துங்க, முட்டை, பால், மீன், கறி, அவரு என்ன கேக்குறாரோ அதைக் குடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாக.

மதினி முகம் செத்துப் போச்சு. புத்துநோய்னு கேட்டதுல அப்படி ஆயிருச்சுன்னு நான் நினைச்சேன்.

எனக்கும் அந்த டாக்டர் மேல சந்தேகம்தான். அறுக்கணும்னு சொல்ற வாயி, அதுக்குள்ள சாப்பாடு போடுங்கன்னு எதுக்குத் தள்ளிப் போடுது? கையில தைரியம் இல்லையா, இல்ல நம்மளை ஊருக்கு அனுப்ப வழி பாக்குறாகளா? ஒரு நர்ஸம்மாகிட்டக் கேட்டேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, பக்கத்து வார்டுல ஒருத்தரைக் காட்டுச்சு. எலும்பும் தோலுமா வந்தவரு, அவசரத்துல வேற வழியில்லாம வயித்தை அறுத்தாகளாம், தையல் விட்டுப் போயி இன்னும் சீழ் வடியுதாம். அவரு சம்சாரம் விசிறிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதுக்குப் பெறகு டாக்டர் மேல இருந்த சந்தேகம் எனக்குப் பாதி குறைஞ்சுச்சு.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு தெருவுல எங்க சித்தி மக வீடு. நான் அங்கன சமைப்பேன், மதினி வார்டுல அண்ணன் கூட இருக்கும். அவிச்ச முட்டை, பால், ஆட்டுக்கால் சூப்பு, முள்ளெடுத்த மீனுன்னு தூக்குவாளியில வச்சு அனுப்புவேன். தூக்கு காலியாத் திரும்பி வரும். நாளாக ஆக வார்டு மெசின்ல அண்ணன் எடை இம்புட்டும் ஏறல. டாக்டர் மூஞ்சியச் சுளிச்சாக, சாப்பிடுறாரான்னு கேட்டாக. மதினி குனிஞ்ச தலை நிமிராம, சாப்பிடுறாகன்னு சொல்லுச்சு.

மெசின் கோளாறுன்னு முதல்ல நினைச்சேன். நானே ஏறி நின்னு பாத்தேன், என் எடையைச் சரியாத்தான் காட்டுச்சு, கூடவே காட்டுச்சுன்னு வையுங்க. அப்புறம் வார்டு ஆயா மேல சந்தேகப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் தூக்கைக் கழுவும்போது யோசிச்சேன். ஆட்டுக்கால் சூப்பு இருந்த தூக்கு, கையில கொழுப்பு ஒட்டணும். ஒட்டவே இல்ல. மதினி சாம்பல் போட்டு வறக் வறக்குன்னு தேச்சு அனுப்பியிருக்கு. கழுவ வேண்டியவ நான் இருக்கும்போது அது எதுக்குக் கழுவணும்?

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டை ஆள் வழியா அனுப்பிட்டு, நான் பின்னாலயே போய் வராண்டாத் தூண் பக்கம் நின்னேன். மதினி தூக்கை வாங்கி, அப்படியே பக்கத்துக் கட்டில்காரக கையில குடுத்துச்சு. அப்புறம் கட்டிலுக்கு அடியில கையை விட்டு மூடி வச்ச கிண்ணத்தை எடுத்துச்சு. வடிச்ச கஞ்சி. ஒரு டம்ளர்ல பச்சையா அரைச்ச கீழாநெல்லி. அண்ணனும் மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்துச்சு. அதுக்கு எதுவும் இறங்காது, முட்டையத் திணிக்காம இருந்தாச் சரின்னு இருந்திருக்கு.

போய் மதினி கையைப் பிடிச்சு வராண்டாவுக்கு இழுத்துட்டு வந்தேன். என் வாயில என்னென்ன வந்துச்சோ எல்லாம் சொன்னேன். எங்க அண்ணனைக் கொல்லப் பாக்குறியா, நீயும் ஒரு பொம்பளையான்னு கேட்டேன். மதினி பதிலுக்குக் கத்தல. சேலைத் தலைப்பால மூக்கைத் தொடைச்சுக்கிட்டு, மெதுவாச் சொல்லுச்சு.

"ஆத்தா, எங்கப்பனுக்கும் டாக்டர் இப்படித்தான் சொன்னாக. கேட்டதைக் குடுங்கன்னு. வீட்டுக்குக் கூட்டியாந்து கறியும் மீனும் ஊட்டினோம். அந்த வாரமே பாடையில தூக்கிட்டோம். அது சாகப் போற ஆளுக்குச் சொல்ற சொல்லு. டாக்டர் கைவிட்டுட்டாக, உனக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு. இனி இந்தப் பத்தியம் ஒண்ணுதான் இருக்கு. நீ குடுத்தனுப்புற முட்டை எனக்கு வாய்க்கரிசியாத் தெரியுது, அதை எப்படி என் கையால போடுவேன்?"

எங்க ஊர்ல அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம், இல்லன்னு எப்படிச் சொல்றது? பொழைக்கிற சீக்காளிக்கு இது ஆகாது, அது ஆகாதும்பாக. ஆகாததுன்னு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. எங்க மூணு பேர்ல அதைச் சரியாக் காதுல வாங்கினது மதினிதான். அந்த டாக்டருக்கு இது தெரியாது, அவ்வளவுதான்.

நேரா டாக்டர் ரூம் வாசல்ல போய் நின்னேன். அவுக வந்ததும், ஐயா, எங்க அண்ணனுக்கு எதையாவது ஆகாதுன்னு சொல்லுங்கய்யான்னேன். அவுக என்னைப் பைத்தியக்காரின்னு நினைச்சிருப்பாக. நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவுக கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாக. பெறகு மதினியைக் கூட்டியாரச் சொன்னாக.

"இந்தாம்மா, நான் சொல்றது பத்தியம். நல்லாக் கேட்டுக்கங்க. எண்ணெயில பொரிச்சது ஆகாது. இலை மருந்து ஆகாது. வெறும் கஞ்சித் தண்ணி ஆகாது. முட்டை இல்லாத வேளை ஆகாது. பசிக்கலன்னு அவரு சொன்னா, அப்படியே விட்டுர்றது ஆகவே ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூராம் குடுக்கணும்."

மதினி நிமிந்து பாத்துச்சு. பத்தியம் தப்பினா என்னாகும்னு கேட்டுச்சு. தப்பினா நான் கத்தியைத் தொட மாட்டேன்னாக டாக்டர். அவுக முகத்துல அப்பயும் சிரிப்பு இல்ல.

வெளிய வந்ததும் மதினி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ஆகாதுன்னு சொல்லிட்டாக ஆத்தா, அஞ்சு சொல்லிட்டாகன்னு திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. அன்னையிலிருந்து அண்ணன் பட்ட பாடு. வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பினா மதினி இந்தப் பக்கம் வந்து ஊட்டும், தூங்கினா தட்டி எழுப்பி ஊட்டும். முட்டையை மஞ்சக் கருவோட ஊட்டும். கண்ணை மட்டும் மூடிக்கும், அதைப் பாக்க மனசு வராம. கொஞ்ச நாள்ல காலு வீக்கம் வடிஞ்சுச்சு. டாக்டர் விரலை வச்சு அமுக்கினாக, பள்ளம் நிக்கல. ரத்தம் உறையறதுக்கு ஊசி போட்டு ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போனாக. கட்டியை எடுத்து, குழாயைக் குடலோட சேத்துத் தைச்சாக. தையல் பிடிச்சுச்சு. வயித்துல போட்ட துணிக்கட்டை நான் தினமும் சந்தேகத்தோட எட்டிப் பாப்பேன், காய்ஞ்சுதான் இருந்துச்சு.

அந்தச் சித்திரையில வீரபாண்டி அம்மன் கோயில்ல மதினி தீச்சட்டி எடுத்துச்சு. அண்ணன் மறுபடி லாரி ஏறுச்சு, மலைக்குப் போகல, மார்க்கெட்டுக்குள்ளயே ஓட்டுச்சு. அடுத்த சித்திரையும் நல்லாப் போச்சு. அதுக்கு அப்புறம் ஒரு நாள் பல்லு விளக்கிட்டு நிமிந்த கண்ணுல மறுபடி மஞ்சள். யாருக்கும் முன்னால நான்தான் பாத்தேன்.

இந்தத் தடவை தேவாரத்துக்குப் போகல, நேரா மதுரைக்குத்தான் போனோம். அதே டாக்டர். படத்தைப் பாத்துட்டு, ஈரல்ல பரவிருச்சுன்னாக. அண்ணனை வெளிய உக்கார வச்சிட்டுத்தான் சொன்னாக. மதினி நேரா அவுக மூஞ்சியைப் பாத்து, எது ஆகாதுங்கய்யான்னு கேட்டுச்சு. டாக்டர் கண்ணாடியைக் கழட்டினாக. அவுகளுக்கு இப்ப அந்தச் சொல்லோட அர்த்தம் தெரியும்.

"அவரு கேக்குறதைக் குடுங்கம்மா."

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அண்ணன் ஜன்னலோரம். உசிலம்பட்டி தாண்டினதும் மெதுவாக் கேட்டுச்சு, டாக்டர் என்ன சொன்னாரு, எதெது ஆகாதாம்னு. நான் மதினியைப் பாத்தேன். மதினி கொஞ்சமும் யோசிக்கல.

"எண்ணெயில பொரிச்சது ஆகாதாம். புளி ஆகாதாம். கத்திரிக்கா ஆகாதாம். கருவாடு ஆகவே ஆகாதாம்."

"கருவாடுமா?" அண்ணன் தலையில அடிச்சுக்கிச்சு. "அந்தாளுக்கு வேற வேலை இல்ல." சொல்லிட்டுச் சீட்டுல சாஞ்சு உக்காந்து, ஆண்டிபட்டி வரைக்கும் நிம்மதியாத் தூங்கிட்டு வந்துச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு, மதினி கொல்லையில இருக்கும்போது அண்ணன் என்னைக் கூப்பிட்டு, ஏ புள்ள, ஒரு துண்டு கருவாடு, உங்க மதினிக்குத் தெரியாமன்னு கேட்டுச்சு. அடுக்களைக்குப் போனேன். அடுப்புல சட்டி இருந்துச்சு, மூடியத் திறந்தா சுடச்சுடக் கருவாட்டுக் குழம்பு. அந்த வீட்டுல அதைச் சாப்பிட வேற ஆளு கிடையாது. ஒரு கிண்ணத்துல ஊத்திக் கொண்டு போய்க் குடுத்தேன். அண்ணன் வாசப்படியைப் பாத்துப் பாத்து, மாட்டிக்கிருவமோன்னு பயந்து பயந்து சாப்பிட்டுச்சு. கொல்லையில மதினி கழுவின பாத்திரத்தையே மறுபடி சாம்பல் போட்டுத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உள்ள வரல.